ஒன்பதாவது உப்புமா

புதிதாக வந்த பாளையங்கோட்டை மெட்ரோ நிலையத்தின் மாடி கிளினிக்கில், சனிக்கிழமைதோறும் மனச்சோர்வுக்காரர்கள் கீட்டமின் மருந்தை மூக்கில் உறிஞ்சிவிட்டு இரண்டு மணிநேரம் படுத்திருப்பார்கள். மனைவி பியூலா இறந்தபின் எதுவுமே உறைக்காத ஜெபசிங்கும் அவர்களில் ஒருவன்.

எழுந்ததும் நர்ஸ் செண்பகம் உப்புமா தருவாள்.

"எப்படி இருக்கு தம்பி?"

"நல்லாயிருக்கு."

உடனே அடுத்த வாரத்துக்குச் சீட்டு எழுதிவிடுவாள்.

ஒன்பதாவது வாரம், முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தான்.

"என்ன சிஸ்டர் இது, உப்பே இல்ல? எங்க பியூலாகூட இவ்வளவு கேவலமா செய்யமாட்டா!"

நர்ஸுகள் எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஒன்பது வாரமா உப்பு போடவே இல்ல தம்பி," என்ற செண்பகம் சீட்டுப் புத்தகத்தை மூடினாள். "இனி இங்க வரவேண்டாம்."

"அப்போ சனிக்கிழமை எங்க போறது?"

"நல்ல ஓட்டலுக்குப் போங்க!"

ஜெபசிங் வாய்விட்டுச் சிரித்தான்.