பத்தாம் நம்பர் ஷூ

"இதைப் போட்டுப் பாருங்க. போட்டுட்டு பிரேக்க மிதிக்கிற மாதிரி தரையில ஒருக்கா அழுத்துங்க."

தேன்மொழி ஒரு கறுப்பு ஷூவைக் கணவனின் காலடியில் வைத்தாள். மாதேஸ் அதைத் தொடக்கூட இல்லை. முதலாளி வீட்டு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டப் போகிறவன் முகமா இது? இழவு வீட்டுக்குக் கிளம்புகிறவன்கூட இதைவிடத் தெளிவாக இருப்பான்.

"ஏங்க, உங்களத்தான்! அருண்குமாரு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னான். அந்தக் கார்ல சீட்டு தரையோட கெடக்குமாம், காலை நீட்டிக்கிட்டுத்தான் ஓட்டணுமாம். ஷூவுக்கு அடி மெலிசா இருந்தாத்தான் பெடலு காலுக்குத் தெரியுமாம். லூசா மட்டும் இருக்கவே கூடாதாம்."

அருண்குமார் அவள் தம்பி. ஓசூரில் கார் மெக்கானிக். கார் விஷயத்தில் அவன் சொன்னால் தேன்மொழிக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"ஆமாண்ணா, இது காலுக்கு மெத்துனு இருக்கும்," என்றாள் கடைப் பெண் சுசித்ரா. "உங்களுக்கு எட்டாம் நம்பர்தானே?"

மாதேஸ் செல்போனை எடுத்து நீட்டினான். முதலாளி மகன் வாட்ஸப்பில் அனுப்பிய படம். "இதே மாடல் இருக்குதாம்மா? பத்தாம் நம்பரு வேணும்."

"பத்தா?" தேன்மொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பதினெட்டு வருசமா உங்களுக்குச் செருப்பு வாங்கறவ நானு. உங்க காலு எட்டுங்க!"

"அங்க அப்படித்தான் கேட்டிருக்காங்க."

"காலு உங்களுது. அவங்க என்ன கேக்கறது?"

"பேசாம இரு தேனு."

அவள் அந்தக் கறுப்பு ஷூவை எடுத்து ஓரமாக வைத்தாள். இந்த வேலையைக் கெடுத்துவிடக் கூடாது. மகள் கலைமதி பிளஸ் டூ முடித்துவிட்டு, நர்ஸாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கூப்பிட்ட வண்டிக்கெல்லாம் ஓடுகிற ஆக்டிங் டிரைவர் மாதேஸ். அவனால் அவளை எந்தக் காலேஜில் சேர்க்க முடியும்? அப்படி இருக்கும்போதுதான் அந்த முதலாளி தானாகவே கூப்பிட்டனுப்பினார். நீ இந்த வேலைக்கு ஒத்துக்கொள், உன் மகளுக்கு என் நர்சிங் காலேஜிலேயே சீட் என்றார். சாமியே நேரில் வந்த மாதிரி இருந்தது தேன்மொழிக்கு. ஆனால் அன்றிலிருந்து இந்த மனிதனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

"நடுவுல லீவே உடமாட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மூணு வருசத்துக்கு வர முடியாது. நீங்கதான் வந்து பாக்கணும்."

"சோத்துக்கு?"

"அங்கயே போட்ருவாங்க."

சுசித்ரா படத்தில் இருந்த ஷூவைத் தேடிக் கொண்டுவந்தாள். அடி தடித்து, கனமாக, இரண்டு செங்கல் மாதிரி இருந்தது. மாதேஸ் அதைக் கவிழ்த்து, அடியில் இருந்த வரிகளை விரலால் தடவினான். போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டான். மறுபடியும் தடவினான். வழுக்குமா என்று பார்க்கிறான் போல என்று நினைத்துக்கொண்டாள் தேன்மொழி. இரண்டு காலிலும் மாட்டி எழுந்து நின்றான். நாலு எட்டு வைப்பதற்குள் குதிகால் இரண்டும் கழன்று வெளியே வந்தன.

"இதப் போட்டுக்கிட்டு எப்படிங்க பிரேக் மிதிப்பீங்க?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நம்ம செல்லிக்கு நடந்தது பத்தாதா?"

மாதேஸின் முகம் இருண்டது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒகேனக்கல் ரோட்டில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த செல்லியை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அவள் இவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் பாடைக்குத் தோள் கொடுத்த நாலு பேரில் மாதேஸும் ஒருவன்.

"நிறுத்தி எறங்கிப் பாத்துட்டுத்தான் ஓடியிருக்கான் படுபாவி. சேத்துல அவன் காலடி பதிஞ்சு கெடந்துச்சாமே, போலீஸ்காரங்க அளந்துட்டுப் போனாங்களாம். ஒரு வாய்த் தண்ணி ஊத்தியிருந்தாக்கூடப் பொழைச்சிருப்பா. நாசமாப் போறவன்! அவன் பொண்டாட்டி புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கணும்!"

"போதும், நிறுத்து!"

மாதேஸ் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. சுசித்ராதான் சமாளித்தாள்.

"உள்ள ஒரு அட்டை வெச்சுத் தரட்டுங்களாண்ணா? கொஞ்சம் இறுக்கமாயிரும்."

"வெளிய தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"அப்ப வை."

புது ஷூவைக் காலோடு போட்டுக்கொண்டே மாதேஸ் கடையை விட்டு இறங்கினான். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் காலையில் பெய்த மழைத்தண்ணீர் செம்மண்ணோடு குழம்பிக் கிடந்தது. நேராகப் போய் அதற்குள் இறங்கினான். ஒரு காலை அழுத்தித் தேய்த்தான். பிறகு அடுத்த காலை.

"ஐயோ, புதுசுங்க! உங்களுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" தேன்மொழி ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் தலை நிமிரவில்லை.

"புதுசா இருந்தா ஸ்டேசன்ல நம்ப மாட்டாங்க தேனு. செல்லி பக்கத்துல பதிஞ்சு கெடந்தது முதலாளி மகன் காலு. அது என் காலுதான்னு நாளைக்கு நான் போயி ஒத்துக்கிட்டாத்தான் கலைமதிக்கு சீட்டு."