இரண்டாம் பாதி

"அப்போ அந்தக் கப்பல் சமையல்காரன் வீட்டுக்குத் திரும்பி வர்றானா, இல்லையா?"

"சொன்னா அப்புறம் என்னைத் தின்னுடுவீங்க. பேசாம படிங்க."

அறுநூறு பக்க மொழிபெயர்ப்பு நாவல். மனைவி முடித்துத் தரும்வரை காத்திருக்க முடியாமல், கணவன் அதை நடுவில் பிளேடால் இரண்டாக அறுத்திருந்தான். முதல் பாதி இப்போது அவன் மடியில். இரண்டாம் பாதி அவள் கையில். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து படித்தார்கள்.

"ஆமைகூட உங்களை முந்திடும். இன்னும் எத்தனை பக்கம்?"

"நாலு. உனக்கு?"

"ஒன்பது."

"முடிச்சதும் குடுத்துடு. நீ மடிச்சு வெச்ச மூலையெல்லாம் நான்தான் நிமிர்த்தணும்."

"நாலு வருஷமா வேற என்ன வேலை பார்த்தீங்களாம்?"

அவன் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

எதிரே கதவு திறந்தது. நீதிமன்ற ஊழியர் தலையை நீட்டினார்.

"விவாகரத்து, பதினேழாம் நம்பர். ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே? வாங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

கணவன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான். அவள் எழுந்திருக்கவில்லை. மிச்சமிருந்த பக்கங்களை விரலால் ஒருமுறை எண்ணினாள்.

"அண்ணே, பதினெட்டாம் நம்பரை முதல்ல கூப்பிடுறீங்களா?"