தலையாட்டிப் பொம்மையும் கட்டைவிரல் நகமும்

காரின் பின்சீட்டில் பெல்ட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்த இரண்டு வயது மிதுலா, பொழுது போகாமல் நகம் கடித்தாள். முன்சீட்டிலிருந்து திரும்பிய அம்மா, அவள் கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவினாள்.

நகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடிபட்டதும் நான், கசப்பும் எனக்கா? பிள்ளை கையில ஒரு விளையாட்டுச் சாமானாவது கொடுத்தாங்களா?"

டேஷ்போர்டில் இருந்த தலையாட்டிப் பொம்மை, "ஆமாம், நியாயந்தான்" என்று தலையாட்டியது.

வேகத்தடையில் கார் குலுங்கியதும் பொம்மை அம்மாவின் காலடியில் விழுந்தது. அவள் அதை எடுத்துப் பின்சீட்டில் போட்டாள். மிதுலா அதன் தலையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். விரல் வாய்ப்பக்கமே போகவில்லை.

"பாத்தீங்களா, வேப்பெண்ணெய் வச்சதும் நிறுத்திட்டா!" என்றாள் அம்மா, கார் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம்.

பொம்மை தலையாட்டியது.

"அடப்பாவி! எனக்கும் ஆமாம், அவங்களுக்கும் ஆமாமா?" என்று கத்தியது நகம்.

பொம்மை அதற்கும் தலையாட்டியது.