உடல்நலம் கருதி

முதல்வர் கடிதத்தை இரண்டாவது முறையும் படித்தார்.

அதை எழுதிய அமைச்சர் எதிரே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இன்றைக்கு உட்கார்ந்திருக்க மாட்டார்.

நாலே வரி. கைப்பட எழுதியது. பள்ளிக்கூடக் கூரை விழுந்து ஐந்து பிள்ளைகள் செத்ததற்கு நானே பொறுப்பு. கூரை ஆபத்தானது என்று வந்த அறிக்கையை ஏழு மாதம் கிடப்பில் போட்டவன் நான். அமைச்சர் பதவியிலிருந்து விலகுகிறேன். கீழே பெயர்.

ஏன் கிடப்பில் போட்டார் என்பது கடிதத்தில் இல்லை.

அது அந்த அறையில் இருந்த இருவருக்கும் தெரியும். பழுதுபார்க்கும் வேலை முதல்வரின் மைத்துனருக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். மைத்துனருக்குக் கையில் வேறு வேலை இருந்தது. ‘கொஞ்சம் பொறுய்யா’ என்று இதே அறையில்தான் சொன்னார் முதல்வர்.

இவரும் பொறுத்தார்.

கூரை பொறுக்கவில்லை.

நேற்று மருத்துவமனை வாசலில் ஒருத்தி இவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். செத்த பிள்ளைகளில் ஒன்றின் தாய். போலீஸ் இழுத்தும் விடவில்லை. நிவாரணம் கேட்கவில்லை. அழக்கூட இல்லை.

“இதுக்கு யாரு பொறுப்பு? அந்த ஆளு பேர மட்டும் சொல்லுங்க. போதும்.”

இருபத்தெட்டு வருஷ அரசியலில் எத்தனை கேள்விகளை மழுப்பியிருப்பார்! சட்டசபையில் மழுப்பினார், மேடையில் மழுப்பினார், பெற்ற மகளிடமே மழுப்பியிருக்கிறார். இவளிடம் வாய் எழவில்லை.

காலையில் எழுந்ததும் இந்தக் கடிதத்தை எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் ஒரு வாய் காப்பி தொண்டையில் இறங்கியது.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தக் காலத்துல அரியலூர்ல ரயில் கவுந்ததுக்கு டெல்லியில ஒரு மந்திரி ராஜினாமா பண்ணாரே. அவருன்னு நெனப்பா ஒனக்கு?”

“இல்லீங்க தலைவரே. அவரு ரயிலைக் கவுக்கல. இது நான் பண்ணது.”

முதல்வருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

அதிலும் அமைச்சருடைய கையெழுத்து.

பதவியேற்ற அன்று எல்லா அமைச்சர்களிடமும் வாங்கி வைத்த தாள். உடல்நலம் கருதிப் பதவி விலகுகிறேன் என்று தட்டச்சு செய்த ஒரே வாசகம். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் போட்டார்கள். மாலையும் கழுத்துமாக நிற்பவன் எதைப் படித்துப் பார்த்தான்?

முதல்வர் பேனாவைத் திறந்து இன்றைய தேதியைப் போட்டார்.

கைப்பட எழுதிய கடிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“போய்யா. ஒடம்பப் பாத்துக்க.”

அவ்வளவுதான். ஒரு மிரட்டல் கிடையாது, ஒரு அதட்டல் கிடையாது.

போகட்டும் என்று இவர் நினைத்தார். காகிதம்தானே போயிற்று, வாய் இருக்கிறதே. வெளியே நிருபர்கள் நிற்கிறார்கள். இரண்டு வரி பேசினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தத் தாய்க்கும் தெரிந்துவிடும்.

வேகமாகப் படியிறங்கினார்.

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பின்கதவு திறந்திருந்தது.

“மெதுவாண்ணே, மெதுவா.” முதல்வரின் உதவியாளர் தணிகாசலம் ஓடிவந்து வலது கையைப் பிடித்தார். இடது கையை இன்னொருவர் பிடித்தார். பிடி என்றால் அப்படியொரு பிடி.

“யோவ், எனக்கு ஒண்ணுமில்லய்யா! நல்லாத்தான் இருக்கேன்!”

மைக்குகள் நீண்டன. அவர் கழுத்தை எக்கினார்.

“நான்தான் பொறுப்பு! அறிக்கை வந்துச்சு, நான்தான் அத...”

“பாவம், கொழந்தைங்க போன துக்கம். ரெண்டு நாளா இப்படித்தான் பெனாத்துறாரு,” என்று தணிகாசலம் நிருபர்களிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அட, நிஜக் கண்ணீர்! சும்மா சொல்லக் கூடாது, அந்த ஆளைப் போல அழுவதற்குக் கட்சியில் வேறு ஆள் கிடையாது.

ஒரே ஒரு பெண் நிருபர் மட்டும், “என்ன அறிக்கை சார்?” என்று கத்தினாள்.

கதவைச் சாத்திவிட்டார்கள்.

உள்ளே ஒரு நர்ஸ் இருந்தாள். வயசு இருபத்தைந்து இருக்கும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஏற வேண்டியவர் அமைச்சர், பார்த்து நடந்துகொள் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மடியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டாள்.

“என்ன பண்ணுது சார்?”

“ஒண்ணும் பண்ணலம்மா.”

“ஏதாச்சும் எழுதணும் சார். வெறுமனே விட்டா என்னைத் திட்டுவாங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சைரன் அலறியது. கண்ணாடிக்கு வெளியே பேருந்துகள் ஒதுங்கின. லாரிகள் ஒதுங்கின. பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போன ஓர் ஆட்டோ அவசரமாக ஓரங்கட்டி நின்றது. புத்தகப் பைகள் இரு பக்கமும் தொங்கின. ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி, வீட்டில் யாரோ பழக்கியிருக்க வேண்டும், ஆம்புலன்ஸைப் பார்த்ததும் கண்ணை மூடிக் கைகூப்பினாள். உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்று அவள் உதடு அசைந்தது.

அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

“நெஞ்சு வலிக்குதும்மா,” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அதற்குள் அவள் எழுதிவிட்டாள்.