நாலாவது ஓட்டத்தின் ஏழாம் இலக்கம்

“ஒண்டும் குதிரை இல்லை. எல்லாம் கழுதை” என்று பந்தய அட்டையை மேசையில் வீசினார் மகேந்திரராஜா.

டோர்ட்மண்டிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் வரும் சின்னத் திடல் அது. தடை தாண்டும் குதிரைப் பந்தயம் அங்கே வருடத்தில் இரண்டே ஞாயிறுதான். முதல் ஓட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வேலியோரத்துப் பிளாஸ்டிக் மேசையில் அலோசியஸும் தாரகனும் பேனாவும் கையுமாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகேந்திரராஜா பிறந்ததிலிருந்து ஒரு குதிரையைத் தொட்டது கிடையாது. பாண் தொழிற்சாலையில் மாப்பிசையும் இயந்திரத்துக்கு இருபத்திரண்டு வருடக் காவல், அவ்வளவுதான் அவர் உத்தியோகம். ஆனால் எது வெல்லும், எது விழும் என்று சொல்ல உட்கார்ந்தால் ஒரு குதிரை தப்பாது, ஒரு மனிதனும் தப்பமாட்டான். அவர் மெச்சிப் பேசியது உலகத்தில் ஒரே ஒருத்தியைத்தான்: மூன்ஸ்டரில் டொக்டருக்குப் படிக்கிற மகள். அவளையும் பேர் சொல்லமாட்டார், ‘என்ரை டொக்டர்’ என்றுதான் சொல்லுவார்.

“முதலாவதிலை மூண்டாம் நம்பர். மற்றதெல்லாம் பாதியிலை மூச்சு வாங்கும். ரெண்டாவதிலை ஒண்டு. அது நல்லதெண்டு இல்லை, மற்றதுகள் அதைவிட மோசம். மூண்டாவதை விடுங்கோ. உந்த ட்ரெயினர்மாரை மாடு மேய்க்க விட்டால் மாட்டையும் துலைச்சுப்போட்டு வருவாங்கள்.”

“நாலாவது, அண்ணை?”

மகேந்திரராஜா பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். குடிக்கவில்லை.

“ஐஞ்சு. அந்தச் சாம்பல் நிறக் குதிரை. கண்ணை மூடிக்கொண்டு எழுதுங்கோ.”

எழுதப்போன தாரகனின் விரல் அட்டையில் நின்றது. “அண்ணை, ஏழாம் நம்பரைப் பாருங்கோ! எங்கட ஆக்களின்ரை பேரெல்லே!”

ஏழாம் இலக்கத்துக்கு நேரே சவாரி செய்பவரின் பெயர், பெண் என்று காட்டும் ‘ஃப்ராவ்’ சேர்த்து, ‘ஃப்ராவ் ஏ. வைத்திலிங்கம்’ என்று அச்சாகியிருந்தது. வேறு விபரம் எதுவும் இல்லை.

“தமிழ்ப் பெட்டை குதிரை ஓடுறாளோ! ஆற்றை மகளாயிருக்கும்?” என்றான் அலோசியஸ்.

“ஆருக்குத் தெரியும்?” என்றார் மகேந்திரராஜா. “வைத்திலிங்கம் எண்டுறது அவளின்ரை அப்பப்பான்ரை பேராயிருக்கும். வந்த புதுசிலை அகதிப் பதிவுக் கந்தோரிலை குடும்பப் பேர் கேக்க, எல்லாரும் தகப்பன்ரை பேரைத்தானே எழுதிக் குடுத்தனாங்கள். இருபது வருசமாப் பழகிறம், உன்ரை குடும்பப் பேர் எனக்குத் தெரியுமோ?”

அலோசியஸ் சிரித்தான். தாரகனுக்கு மனம் கேட்கவில்லை.

“எங்கட பிள்ளைதானே அண்ணை, சும்மா ரெண்டு யூரோ போட்டுப் பாப்பமே?”

“எங்கட பிள்ளையோ!” மகேந்திரராஜாவின் உதடு கோணியது. “ஒழுங்கா ஒரு தொழிற்படிப்பு, ஒரு அவுஸ்பில்டுங் முடிக்க ஏலாததுகள்தான் உதுக்கு வாறது. குதிரையிலை குற்றம் சொல்ல ஏலாது. மேலை இருக்கிறதுதான் குப்பை. முதல் சுத்து ஓடுவாள். ரெண்டாம் சுத்திலை தண்ணிக் குழியைக் கண்டவுடனை அவசரப்படுவாள். ஆதிரை அதிலை விழுவாள், எழுதி வையுங்கோ.”

தாரகன் எழுதி வைத்தான்.

“முதல்லை பெத்தவனைச் சொல்ல வேணும். பொம்பிளைப் பிள்ளையைக் குதிரையிலை ஏத்திவிட்டுட்டு எங்கையோ இருந்து சோறு தின்னுறான், வெக்கங்கெட்டவன். எனக்கு இப்பிடியொண்டு இருந்தால் வீட்டுக் கதவைச் சாத்தியிருப்பன்.”

இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கென்றே பிறந்தவர்கள்.

முதல் ஓட்டத்தில் மூன்று வென்றது, இரண்டாவதில் ஒன்று. அலோசியஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். மகேந்திரராஜா அந்தக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

நாலாவது ஓட்டத்தில் எட்டுக் குதிரைகள். முதல் சுற்றில் ஏழாம் இலக்கம் மூன்றாவதாகப் போனது. இரண்டாம் சுற்றில் சாம்பல் குதிரையை எட்டிப் பிடித்துவிட்டது.

“அண்ணை, பெட்டை வெல்லப்போறாள் போலை கிடக்கு!” என்று தாரகன் துள்ளினான். மகேந்திரராஜாவின் கைக்குள் பந்தய அட்டை கசங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர்க் குழிக்கு ஓரடி முன்னதாகவே ஏழாம் இலக்கம் தாவியது. குதிரையின் முன்கால்கள் மடங்கின. சிவப்புச் சட்டை ஒன்று தலைகீழாகப் போய்ப் புல்லில் விழுந்தது. குதிரை எழுந்து ஓடியது, சிவப்புச் சட்டை எழும்பவில்லை.

“அச்சொட்டா அதே இடம்!” அலோசியஸ் மேசையில் ஓங்கி அடித்தான். “உங்கட வாய்க்குச் சீனி போட வேணும் அண்ணை!”

சாம்பல் குதிரை முதலாவதாக வந்தது. தாரகன் மகேந்திரராஜாவைத் தோளோடு கட்டிப்பிடித்துக் கூத்தாடினான்.

அப்போது ஒலிபெருக்கி ஜேர்மன் மொழியில் அழைத்தது. ஆதிரை வைத்திலிங்கத்தின் உறவினர் யாராவது திடலில் இருந்தால் உடனே முதலுதவி அறைக்கு வரவேண்டுமாம்.

“எந்த வெக்கங்கெட்டவன் எழும்பிப் போறான் எண்டு பாப்பம்” என்று அலோசியஸ் சிரித்துக்கொண்டே கூட்டத்தை நோட்டமிட்டான்.

மகேந்திரராஜா எழுந்தார். தேநீர்க் கோப்பை சரிந்து மேசையெல்லாம் ஓடியது. தோளைச் சுற்றியிருந்த தாரகனின் கை இன்னும் விடவில்லை.

“கையை எடு தம்பி, வைத்திலிங்கம் என்ரை அப்பாவின்ரை பேர்.”