காது மெஷினுக்கு வைத்தியம்

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை.

முப்பது வருஷம் அச்சாபீஸ் இரைச்சலுக்குக் காதைத் தாரை வார்த்தவர் ஒரு பெரியவர். அவருக்குப் பிள்ளை காது மெஷின் வாங்கிக் கொடுத்தார். மாட்டிவிட்ட கையோட போட்டோ எடுத்து, 'அப்பாவுக்கு மறுபடியும் உலகம் கேட்குது'ன்னு ஃபேஸ்புக்ல போட்டார். இருநூறு லைக்.

பிள்ளைக்கு உத்தியோகமே கம்பெனி கம்பெனியாப் போய் 'மனம் விட்டுப் பேசுவது எப்படி'ன்னு வகுப்பெடுக்கிறதுதான்.

ஆனா பெரியவர் மட்டும் சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்தார். "ஒண்ணும் கேக்கலைப்பா."

கிளினிக்குக்கு அலையற வேலை கிடையாது. செவ்வாய்க்கிழமையானா காது டாக்டரம்மா வீடியோ கால்ல வருவாங்க. அங்கே இருந்தபடியே மெஷினைக் கூட்டிக் குறைக்க அவங்களால முடியும்.

நாலாவது செவ்வாய். பிடிக்கலைன்னா மெஷினைத் திருப்பிக் கொடுக்க அதுதான் கடைசி நாள்.

"சுத்த வேஸ்ட் டாக்டர் இது!" பிள்ளை பொரிஞ்சு தள்ளினார். "நாங்க மூணு பேரும் நாள் பூரா இவர்கிட்ட பேசிக்கிட்டே இருக்கோம். வீடு எப்பவும் கலகலன்னு இருக்கும். என்ன பிரயோஜனம்? செவிடன் காதுல ஊதின சங்கு!"

"தொண்டைத் தண்ணியே வத்திப் போச்சு டாக்டர்." மருமக தன் போன்லேருந்து கண்ணெடுக்காம ஒத்து ஊதினாங்க.

பேத்தி இயர்போனைக் கழட்டாமலே தலையாட்டினா.

"ஐயா, நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?" டாக்டரம்மா மெதுவாத்தான் கேட்டாங்க.

"காலையில மாட்டினா படுக்கப் போறப்பதாம்மா கழட்டறேன். ஃபேன் கேக்குது. குக்கர் கேக்குது. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை."

"பார்த்தீங்களா? குக்கர் கேக்குதாம், பெத்த பிள்ளை கத்தறது கேக்கலையாம்! நாளைக்கே ஆளனுப்பி எடுத்துட்டுப் போயிடுங்க டாக்டர்."

பெரியவர் கை தானாப் போய்க் காதை மூடிக்கிச்சு. கிடைச்ச அதுவும் போயிடுமோன்னு பயம்.

டாக்டரம்மா தன் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் நிமிர்ந்தாங்க.

"கோளாறு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு சார். மெஷினுக்கு உங்க வீட்டுக் குரல் பழகலை. இங்கேருந்தே ஒரு செட்டிங் போட்டுடறேன். நாளையிலேருந்து ஆளுக்கு அரை மணி, அவருக்கு நேரெதிர்ல உட்கார்ந்து பேசணும். பத்து நாள் பாருங்க. திருப்பித் தர்ற தேதியை நான் தள்ளி வைக்கிறேன்."

"அரை மணி என்னத்தப் பேசறது?" வகுப்பெடுக்கிறவர் திருதிருன்னு முழிச்சார்.

"எது வேணா பேசுங்க. ஆனா கையில போன் இருக்கக் கூடாது. இருந்தா மெஷின் குழம்பிடும்."

முதல் நாள் பிள்ளை மாத்திரை அட்டையை வாசிச்சுக் காட்டினார். ரெண்டாம் நாள் மருமக, புருஷன் பண்ற அழிச்சாட்டியத்தை ஒண்ணு விடாம ஒப்பிச்சாங்க. "டவுசர் போட்ட காலத்துலேருந்தே அவன் அப்படித்தாம்மா"ன்னு பெரியவர் எடுத்துக் கொடுக்க, பேச்சு சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிடுச்சு. அஞ்சாம் நாள் பேத்தி உட்கார்ந்தா. ஒரு மணி நேரமாச்சு, எழுந்திருக்கலை.

பத்தாம் நாள் பிள்ளை போன்ல குதிச்சார். "பிரமாதம் டாக்டர்! அப்பாவுக்கு இப்ப எல்லாமே கேக்குது. அந்த செட்டிங் பேர் என்ன? என் வகுப்புல நாலு பேருக்குச் சொல்வேன்ல!"

"அது தொழில் ரகசியம் சார்." சிரிச்சுக்கிட்டே வச்சுட்டாங்க டாக்டரம்மா.

அப்புறம் பெரியவரோட ஃபைலைத் திறந்து எழுதினாங்க:

'மெஷினில் முதல் நாளிலிருந்தே பழுது இல்லை. எந்த செட்டிங்கையும் நான் மாற்றவில்லை. காதில் விழும் சத்தங்களை மெஷினே பதிந்து வைக்கும். அந்தப் பதிவின்படி முதல் நாலு வாரத்தில் இவர் மனிதக் குரல் கேட்டது, நான் வீடியோவில் வந்த செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். பத்துப் பத்து நிமிடம்.'