லஸாத் கொண்டுவந்த கணவாய்

“என் கண்ணு முன்னாடியே சோதனை பண்ணணும். வல்லாஹி, அல்லா மேல சத்தியமா உங்க ஆளுங்கள நம்ப மாட்டேன்!”

ஆய்வுக்கூட வாசலில் கத்தினார் மீனவர் சங்கத் தலைவர் லஸாத். கையில் ஐஸ் பெட்டி. உள்ளே ஏழு கணவாய் மீன்கள். பின்னால் முப்பது மீனவர்கள்.

“சொல்லுங்க தலைவரே! ஆலைக் கழிவு மீன்ல ஏறலைன்னு இவங்க சொல்லட்டும் பார்ப்போம்!” என்றது கூட்டம்.

வேதியியலாளர் ரவ்தா கதவைத் திறந்துவிட்டாள்.

“வாங்க மாமா. பக்கத்துலயே நில்லுங்க.”

கணவாயை வெட்டி உலர்த்தவே ஒரு நாள் ஆனது. மறுநாளும் லஸாத் வந்து நின்றார்.

பொடியாக்கிய சதையைக் குழாய்களில் போட்டு, அமிலம் ஊற்றி, சின்னத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினாள் ரவ்தா. சுவிட்சைப் போட்டதும் மெல்லிய இரைச்சல்.

“என்ன மகளே, சத்தம் போட்டா விஷம் பயந்து வெளிய வந்துடுமா?”

“நமக்குக் கேட்கிறது கொஞ்சம்தான் மாமா. காதுக்குக் கேட்காத சத்தம்தான் சதையை உலுக்கி, உள்ள இருக்கிற உலோகத்தை அமிலத்துல இறக்கும். அப்புறம் அந்த மிஷின் அளந்து சொல்லும்.”

“ஆலைக்காரன் உனக்கு எவ்வளவு கொடுத்தான்னும் அளந்து சொல்லுமா?”

ரவ்தா குழாய்களை எடுத்து மிஷினில் வைத்தாள்.

மாலையில் முடிவு வந்தது. காட்மியம் என்ற நச்சு உலோகம், அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு.

“நீங்க சொன்னதுதான் சரி மாமா. இனிமே யாரும் மறுக்க முடியாது.”

லஸாத்தின் முகம் வெளிறியது.

“தப்பா இருக்கும். இன்னொரு தடவை பண்ணு.”

பண்ணினாள். மறுபடியும் பண்ணினாள். எண் இறங்கவே இல்லை.

லஸாத் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

“இந்தக் காகிதத்தைப் பார்த்து கவர்மெண்ட்காரன் ஆலைய மூடுவான்னா நினைக்கிற? நாங்க மீன் பிடிக்கக் கூடாதும்பான். துனிஸ் சந்தை லாரிக்காரன் எங்க மீனைத் தொட மாட்டான். நூத்திருபது வீட்டுல அடுப்பு எரியாது மகளே.”

“அப்புறம் ஏன் மாமா சோதனை வேணும்னு அப்படிக் கத்தினீங்க?”

“சங்கத்துப் பசங்க பிடிவாதம். தலைவன் நான் வாயை மூடிட்டு இருக்க முடியுமா?”

கண்களைத் துடைத்துக்கொண்டார். ரவ்தா தண்ணீர் கொடுத்தாள்.

“நான் என்ன மாமா பண்ண முடியும்? உங்க கடல்ல இருக்கிறதுதானே மீன்ல வரும்?”

டம்ளரை வாங்கியவர் குடிக்கவில்லை.

“எங்க கடல்னா மனசு ஆறியிருக்கும். ரிப்போர்ட் சுத்தமா வரணும்னு, ஒரு பகல் முழுக்கப் படகுல போய், ஆலையே இல்லாத தீவுல வாங்கிட்டு வந்த கணவாய் மகளே அது!”